அமர்ந்திருக்கப் பழகுதல்: சோர்ந்திருப்பவர்கள் இளைப்பாறுதலைத் தொடங்க ஒரு வழிகாட்டி

நீண்ட நாள் நோயிலிருந்தோ, வீட்டில் நேர்ந்த ஒரு மரணத்திலிருந்தோ, காரணம் சொல்லத் தெரியாத ஒரு சோர்விலிருந்தோ எழ முடியாமல், கிறிஸ்தவ ஜெபத்தின் பக்கம் முதன்முறையாகத் திரும்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறு வயதில் ஆலயத்துக்குப் போய், இடையில் விட்டுப்போனவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளோடுதான் வருகிறார்கள்: எத்தனை நாள் உபவாசம் இருக்கவேண்டும், எந்தச் சங்கீதத்தை, அதாவது வேதாகமத்தின் ஜெபப்பாடலை, எத்தனை தரம் வாசிக்கவேண்டும், எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிக்கவேண்டும்? ஏற்கெனவே களைத்துப்போனவர்கள் இன்னொரு வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். அவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்காட்டும் வசனம் ஏசாயா 30:15: "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்."

இந்த வார்த்தை யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் கனம் விளங்கும். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியப் பேரரசு சிறிய நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றான, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவின் தலைவர்கள் எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நம்பித் தூது அனுப்பினார்கள். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிபின் படை யூதாவுக்குள் வந்தே விட்டது. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது; அது கற்பனை அல்ல. அப்படிப்பட்டவர்களிடம்தான் தீர்க்கதரிசி ஏசாயா அமர்ந்திருக்கச் சொல்கிறார். அவர்களோ அடுத்த வசனத்திலேயே, குதிரைகளின்மேல் ஏறி ஓடிப்போவோம் என்கிறார்கள். மருத்துவ அறிக்கை கைக்கு வந்த நாளில் நம்மில் யார்தான் அப்படி ஓடவில்லை!

'அமர்' என்பது நம் மொழியில் நுட்பமான சொல். காற்று அமரும், காய்ச்சல் அமரும், அழுது ஓய்ந்த குழந்தையின் விம்மல் அமரும். பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை முக்கியமான இடங்களில் எல்லாம் வைத்திருக்கிறது. 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பர் ஆட்டைக் கொண்டுபோய் விடுவது 'அமர்ந்த தண்ணீர்கள்' அண்டையில். ஓரேப் மலையில் தீர்க்கதரிசி எலியா கேட்டது 'அமர்ந்த மெல்லிய சத்தம்'. 46ஆம் சங்கீதம் நம்மை 'அமர்ந்திருந்து' அறிந்துகொள்ளச் சொல்கிறது. செப்பனியா 3:17இல் கடவுளே தம்முடைய அன்பினிமித்தம் 'அமர்ந்திருப்பார்'. ஆகவே நாம் முதலில் பழகவேண்டியது இந்த அமர்தலைத்தான். நம்பிக்கை வந்த பிறகு இளைப்பாறலாம் என்று காத்திருக்கவேண்டாம். இளைப்பாறுகிற இடத்தில்தான் நம்பிக்கை துளிர்க்கிறது என்பதே நான் கண்டது.

முதல் படி: உடலைப் படுக்கவிடுங்கள்

எலியாவின் கதையை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற மனிதர், அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடி, அங்கிருந்து ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டுகிறார். அப்படிச் சொன்னவரைக் கடவுள் கண்டிக்கவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. எலியா தூங்கிவிடுகிறார். தேவதூதன் தட்டி எழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் தூதன் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். தூக்கமும் உணவும் இரண்டு முறை வந்த பிறகுதான் நாற்பது நாள் நடையும், மலையும், மெல்லிய சத்தமும் வருகின்றன.

எனக்கு இது புரிந்தது மஞ்சள் காமாலையில் ஆறு வாரம் படுத்திருந்தபோதுதான். படுக்கையில் கிடந்தபடி தினம் பத்து அதிகாரம் வாசிப்பதென்று பிடிவாதமாக இருந்தேன். கண் எரியும், எழுத்து கலங்கும், வாசித்தது எதுவும் நிற்காது, அதற்காக ஒரு குற்ற உணர்வு வேறு. ஒரு மத்தியானம் அம்மா எவர்சில்வர் டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து, என் மார்பின்மேல் விரிந்து கிடந்த வேதாகமத்தை எடுத்து மூடி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "இதைக் குடிச்சிட்டு உறங்கு மக்கா, ஜெபம் நான் பண்ணிக்கிடுதேன்" என்றாள். கஞ்சியில் உப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. அன்றைக்குத்தான் நோய் வந்த பிறகு முதன்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

எனவே முதல் ஒரு வாரத்துக்கு நீங்கள் செய்யவேண்டியவை இவ்வளவே: இயன்றவரை ஒரே நேரத்துக்குப் படுப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, உங்களுக்காக ஜெபிக்கும்படி நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைப்பது. நீண்ட உபவாசம் வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஒருவேளை உணவைக்கூட நிறுத்தக்கூடாது.

இரண்டாம் படி: பத்து நிமிடம் உட்காருங்கள்

இரண்டாம் வாரத்தில் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் மொட்டை மாடியிலோ, கொல்லைப்புறப் படியிலோ உட்காரலாம். தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காருங்கள். அதுவும் முடியாவிட்டால் படுத்தபடியே ஜெபிக்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. கைப்பேசியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

23ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றும், வெளியே விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்" என்றும் சொல்லுங்கள். ஒரு சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது கிழக்கத்தியத் திருச்சபைத் துறவிகளிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நினைவு சிதறத்தான் செய்யும்: கடன் நினைவுக்கு வரும், பால்காரர் மணி அடிப்பார். சிதறியதைக் கவனித்த அந்த நொடியில் கோபப்படாமல் மறுபடியும் வரிக்குத் திரும்பினால் போதும். பத்து நிமிடத்தில் இருபது முறை திரும்பினாலும் அது நல்ல ஜெபமே.

வேதாகமம் வாங்க விரும்புகிறவர்கள் தமிழில் பரவலாக உள்ள இரண்டு மொழிபெயர்ப்புகளை அறிந்திருப்பது நல்லது. சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்க ஆலயங்களில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் வாசிக்கப்படுகிறது. முன்னதில் 'சங்கீதம்' என்றிருப்பது பின்னதில் 'திருப்பாடல்கள்', 'இராஜாக்கள்' என்றிருப்பது 'அரசர்கள்'. பழைய நடை கடினமாக இருந்தால் திருவிவிலியத்தில் தொடங்குங்கள். பழைய நடையின் ஓசை பிடித்துப்போனால் அங்கேயே இருங்கள். தொடக்கத்தில் ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்க முயலவேண்டாம். 23ஆம் சங்கீதத்தையும், இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்குவில் பதினாறே அதிகாரங்கள்தான்.

மூன்றாம் படி: சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள்

அமைதியாக உட்காரத் தொடங்கியதும், அதுவரை அமுக்கிவைத்திருந்ததெல்லாம் மேலே வரும். பலர் இந்த இடத்தில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், 'கடவுளிடம் இப்படிப் பேசலாமா' என்று. பேசலாம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாக மாறும், இது இருளிலேயே முடிகிறது. அதைத் திருத்தாமல், ஆறுதலான ஒரு வரியை ஒட்டிவைக்காமல், அப்படியே பரிசுத்த நூலுக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். முடிவு தெரியாத ஜெபத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து, வாரத்தில் இரண்டு நாள், கடவுளுக்குக் கடிதம் எழுதுவதுபோல் எழுதுங்கள். வலி எங்கே இருக்கிறது, யார்மேல் கோபம், எது பயம் என்று பேர் சொல்லி எழுதுங்கள். எழுதி முடித்தபின் உடனே பதிலைத் தேடாமல் நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள்.

நான்காம் படி: வாரத்தில் ஒரு நாள்

கடினமான படி இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு ஓய்வுநாளாக இருப்பதே இல்லை. விடியற்காலை எழுந்து கறி கழுவி, இஞ்சி பூண்டு அரைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி ஆலயத்துக்குப் போய், பிரசங்கத்தின் நடுவில் குக்கரைப் பற்றி நினைத்து, திரும்பி வந்து பத்துப் பேருக்குப் பரிமாறி, நான்கு மணிக்குப் பாத்திரம் துலக்கும் பெண்ணிடம் போய், கர்த்தருடைய நாளில் இளைப்பாறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டில் மற்றவர்கள் அனுபவிக்கும் ஓய்வு அவள் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வேதாகமம் இதை முன்பே பார்த்திருக்கிறது. பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது படைப்பு. உபாகமம் 5இல் சொல்லப்படுவது எகிப்தின் அடிமைத்தனம். நீயும் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும், மாடும் கழுதையும்கூட இளைப்பாறவேண்டும் என்பது அதன் கருத்து. அடிமைகளிடம் செங்கல் கணக்குக் கேட்கும் எகிப்திய அரசன் பார்வோன் இல்லாத ஒரு நாள் என்று அதைச் சொல்லலாம். வீட்டில் ஒருவர் மட்டும் உழைத்து மற்றவர்கள் இளைப்பாறுவது அந்தக் கட்டளைக்கே விரோதமானது.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? அரை நாளில் தொடங்குங்கள். சனிக்கிழமை இரவே புளிக்குழம்பு வைத்துவிட்டால் மறுநாள் சுவை கூடியிருக்கும். இட்லி மாவும் தயாராக இருந்தால் ஞாயிறு காலை அடுப்படியில் அரை மணி நேரம் போதும். கறி சமைத்தே ஆகவேண்டும் என்றால் அதை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள், அல்லது ஆண்கள் சமைக்கட்டும். அந்த அரை நாளில் கணக்குப் பார்ப்பதையும், அலுவலகச் செய்திகளுக்குப் பதில் போடுவதையும், நோயைப் பற்றி இணையத்தில் தேடுவதையும் நிறுத்துங்கள். குறிப்பாகக் கடைசியில் சொன்னதை. ஷிப்டு வேலை செய்கிறவர்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள் தங்களுக்கு விடுமுறை கிடைக்கும் நாளை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்கள் கை பரபரக்கும். செய்யாமல் விட்டது என்ன ஆகுமோ என்ற பயம் வரும். யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தந்த மன்னா என்ற உணவின் கதை இதற்காகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் மறுநாளுக்கென்று எடுத்துவைத்த மன்னா புழுத்து நாறியது. ஆறாம் நாள் இரட்டிப்பாய்ச் சேர்த்தது மட்டும் ஏழாம் நாள் வரை கெடாமல் இருந்தது. நேற்றுச் செய்தது இன்றைக்குப் போதும் என்பதைப் பானையைத் திறந்து பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே கற்பீர்கள்: திங்கட்கிழமை எழுந்து பார்க்கும்போது, விட்டுவைத்த வேலை விட்ட இடத்திலேயே இருக்கும், உலகம் கவிழ்ந்திருக்காது.

ஐந்தாம் படி: மற்றவர்களோடு சேருங்கள்

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் உடல் செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று அங்கே எழுதியிருக்கிறது; படுத்திருந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்களால் நம்ப முடியாத வாரங்களில் பிறர் உங்களுக்காக நம்பலாம். அதற்குத்தான் சபை.

முதன்முறை ஆலயத்துக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பல ஆலயங்களில் செருப்பை வெளியே விடுவது வழக்கம். கிராமங்களில் ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பக்கம் உட்காருவதும் உண்டு. எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும். காணிக்கைப் பை வரும்போது ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணைக்கு எல்லாரும் முன்னே போகும்போது நீங்கள் இடத்திலேயே இருந்து ஜெபிக்கலாம். ஆராதனை முடிந்ததும் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ உங்கள் நிலையைச் சொல்லி ஜெபம் கேளுங்கள். நோயுற்றவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14 சொல்லும் பழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் நோயில் பூசுதல் ஓர் அருட்சாதனமாகவே, அதாவது புனிதச் சடங்காகவே இருக்கிறது.

சில நாள் ஒதுங்கி இருக்க விரும்புகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே இடங்கள் உண்டு. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. திருப்பத்தூரில் 1921இல் இரண்டு மருத்துவர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், சேர்ந்து தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், ஜெபத்தையும் மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. எங்கே போவதானாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வேளாங்கண்ணிக்குப் போக நினைக்கிறவர்கள், தேடுவது அமைதி என்றால், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் இடைப்பட்ட நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: மருந்தை நிறுத்தாதீர்கள்

இதை மிகுந்த பாரத்தோடு சொல்கிறேன். ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று பொருள் என்று யாராவது சொன்னால், அவர் எந்த மேடையில் நின்று சொன்னாலும் கேட்காதீர்கள். அப்போஸ்தலர் பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். கொலோசெயர் 4:14இல் பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்றே அழைக்கிறார். வயிற்று நோவால் துன்பப்பட்ட தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அக்காலத்து மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து ஊரில் விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20இல் வெட்கமில்லாமல் எழுதுகிறார். அவருக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலே கிடைத்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, சுகமாகாதவரின் விசுவாசத்தை அளக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் படுத்திருந்தபோது என்னைப் பார்க்க வந்த ஒருவர், என்னிடம் மறைவான பாவம் ஏதோ இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் காமாலையைவிட அதிக நாள் என்னோடு இருந்தது. உங்களிடம் அப்படிச் சொல்கிறவர்களை வாசலிலேயே நிறுத்தும்படி வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். சுகம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறவர்களையும் அப்படியே.

துக்கமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது எலியாவைப்போலச் சாவை வேண்டத் தோன்றினால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. இரண்டுமே எந்த நேரத்திலும் அழைக்கக்கூடியவை. மனநல மருத்துவரிடம் போவது கஞ்சி குடிப்பதைப்போல ஒரு காரியம்தான். தூதன் கொண்டுவந்த அடையை எலியா மறுக்கவில்லை.

நம்பிக்கை எங்கே வருகிறது

நம்பிக்கை என்றால் சந்தேகமே இல்லாத நிலை என்று எண்ணி, அது தனக்கு வாய்க்கவில்லை என்று வருந்துகிறவர்கள் மாற்கு 9:24ஐப் பாருங்கள். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்றும் ஒரே மூச்சில் கண்ணீரோடு சொல்கிறார். பிள்ளை சுகமடைகிறான். அந்த அளவு நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

சில மாதங்கள் இப்படிப் பழகியபின், நோய் நீங்கினாலும் நீங்காவிட்டாலும், ஒரு சிறு மாற்றத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். எங்கள் குழு சந்திக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனவர், தொடக்கத்தில் நாங்கள் ஜெபிக்கும்போதெல்லாம் இடது கையால் வலது கையை இறுகப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருப்பார், ஏதோ அதை எழுப்பிவிட முயல்வதுபோல. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கவனித்தேன்: வலது கை மடியில் சும்மா கிடந்தது, இடது கை அதன்மேல் லேசாக, தூங்கும் பிள்ளையின்மேல் வைத்ததுபோல இருந்தது. கை இன்னும் எழவில்லை. பிசியோதெரபி தொடர்கிறது. இப்போதெல்லாம் அவரே எங்களுக்காக ஜெபித்து அனுப்புகிறார்.

இரவில் செய்யவேண்டியது

படுக்கப் போகும்முன் ஐந்து நிமிடம். அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்த்து, நன்றி சொல்லத்தக்க ஒன்றையும், மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒன்றையும், நாளைக்கென்று கடவுளிடம் விட்டுவைக்கும் ஒன்றையும் சொல்லுங்கள். பிறகு 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்." தூக்கம் வராவிட்டால் கடலில் புயல் அடித்த இரவை நினையுங்கள்; மாற்கு 4இல் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கியவர் உங்கள் படகிலும் இருக்கிறார், அவர் எழுந்து அதட்டும்வரை நீங்கள் விழித்திருந்து அலைகளைக் காவல் காக்கவேண்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் விளக்கை அணைப்பதை 'அமத்துவது' என்பார்கள். அம்மா இன்றும் தன் ஜெபத்தை முடித்துவிட்டுக் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள்: "லைட்ட அமத்திட்டு உறங்கு மக்கா."